செத்த பவர் ஸ்டியரிங், சரிசெய்த பவர் ஸ்டியரிங், மேனுவல் பாக்ஸ்: குமரி ரோட்டுக்கு எது ஒத்துவரும்?

பழைய லாரியில் பவர் ஸ்டியரிங் போய்விட்டால் வண்டிக்காரருக்கு மூன்று வழிகள். அப்படியே ஓட்டலாம். ஆயிலைத் தள்ளும் பம்பையோ, ஸ்டியரிங் பாக்ஸையோ சரிபார்த்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். இல்லையென்றால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கை பலத்தில் மட்டும் திருப்பும் மேனுவல் பாக்ஸ் மாட்டலாம். நம்ம மாவட்டத்தில் எந்த வொர்க்ஷாப்பில் போய் நின்றாலும் முதல் வழிக்குத்தான் ஆள் அதிகம். "எங்க அப்பா டாடா 1210-ஐ பவரே இல்லாமத்தான் மக்கா காலம் பூரா ஓட்டினாரு, ஒனக்கு மட்டும் என்ன கேடு?" என்று யாராவது ஒரு அண்ணாச்சி டீ கிளாஸோடு சொல்லிவிடுவார்.

அப்பா ஓட்டியது உண்மைதான். ஆனால் அவர் ஓட்டியது மேனுவல் ஸ்டியரிங். பவர் செத்த வண்டி வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் பாதிப் பேர் பேசாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மேனுவல் பாக்ஸை மனிதக் கைக்கென்றே கணக்குப் பண்ணிச் செய்திருப்பார்கள். ஸ்டியரிங் வீல் பெரிதாக இருக்கும். முழுக் கட் அடிக்க, அதாவது ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிக்குத் திருப்ப, அதிகச் சுற்று சுற்ற வேண்டும். சுற்று கூடக்கூட, ஒரு இழுப்புக்கு வேண்டிய பலம் குறையும். பவர் பாக்ஸில் சுற்று குறைவு, ஏனென்றால் மீதி வேலையை ஆயில் பிரஷர் பார்த்துக்கொள்ளும் என்பது கணக்கு. அந்தப் பிரஷர் போனால், குறைந்த சுற்றில் முழுக் கனத்தையும் கை இழுக்க வேண்டும். அதோடு முடியவில்லை. பாக்ஸுக்குள் இருக்கும் பிஸ்டனையும், அதன் இரு பக்கமும் நிற்கும் ஆயிலையும் சேர்த்துத் தள்ளவேண்டியதும் கைதான். உள்ளே டார்ஷன் பார் என்று ஒரு முறுகும் கம்பி உண்டு. டிரைவர் எந்தப் பக்கம் திருப்புகிறார் என்று, ஆயிலைத் திருப்பிவிடும் வால்வுக்குச் சொல்வது அதன் முறுக்கு. பவர் இல்லாதபோது அது முறுகி முடிந்த பிறகுதான் சக்கரம் அசையும். "பிளே அடிக்குது" (சக்கரம் அசையாமல் வீல் மட்டும் ஆடுகிறது) என்று டிரைவர்கள் சொல்வதில் ஒரு பங்கு இதுதான்.

பழைய 16.2 டன் ரெண்டு ஆக்சில் வண்டிக்கு முன் ஆக்சிலில் அனுமதி 6 டன். அந்தக் கனம் ரெண்டே டயரில் உட்கார்ந்து தாரை அழுத்திக்கொண்டு நிற்கும்போது வண்டியை உருட்டாமல் வீலைத் திருப்பிப் பாருங்கள், புரிந்துவிடும். டிரைவர் சீட்டிலிருந்து பாதி எழுந்து, இடது காலை ஃபுட்போர்டில் ஊன்றி, ரெண்டு கையாலும் வீலின் மேல்பாகத்தைப் பிடித்து உடம்பையே தொங்கவிட்டு இழுப்பார். கால் சுற்று வரும். மூச்சு விட்டுவிட்டு அடுத்த கால் சுற்று.

அப்படியே ஓட்டுவது

இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. குழாய் வெடித்து ஆயில் மொத்தமும் ரோட்டில் கொட்டினாலும் வீலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்புத் தொடர்பு அறுவதில்லை. கனமாக இருந்தாலும் வண்டி திரும்பும். வழியில் பழுதானால் லோடை இறக்கிவிட்டு, மெதுவாக வொர்க்ஷாப் வரை கொண்டுபோகலாம். அதற்கு மேல் என்றால் எந்த ரோடு, எந்த லோடு என்று பார்க்க வேண்டும்.

காவல்கிணறு தாண்டி நான்குவழிச் சாலையில் ஏறிவிட்டால் பவர் இல்லாத குறையே தெரியாது. சக்கரம் உருள உருளக் கனம் குறைந்துவிடும். ஆளை ஏமாற்றுவதும் இதுதான். "மதுர வரைக்கும் போயிட்டு வந்தேன், ஒண்ணும் தெரியல" என்பவர் களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை வந்து பார்க்க வேண்டும். ஏற்றம், இறக்கம், வளைவு, தக்கலை நெரிசல், மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே பஸ்ஸும் ஆட்டோவும். நிமிடத்துக்கு நிமிடம் நின்று கிளம்பும் ரோட்டில் பவர் செத்த வண்டி ஆளைத் தின்றுவிடும். கோட்டாறு மார்க்கெட் சந்தில் லோடு வண்டியை ரிவர்ஸ் எடுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ரப்பர் தடி ஏற்றுகிறவர்களுக்கு இன்னும் மோசம். குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் எஸ்டேட் ரோடுகளில் ஒரு வளைவை ஒரே கட்டில் எடுக்க முடியாது. முன்னே பின்னே போய்த்தான் திருப்ப வேண்டும். மண் ரோட்டுக் குழியில் ஒரு பக்கச் சக்கரம் விழுந்தால் வீல் தானாகவே வெடுக்கென்று சுழலும். பழைய ஆட்கள் கட்டைவிரலை வீலுக்கு உள்ளே விடாமல் வெளி விளிம்பில் வைத்துப் பிடிப்பது இதற்காக. ஸ்போக் வந்து அடித்தால் விரல் எலும்பு நொறுங்கிவிடும். பவரிலேயே ஓட்டிப் பழகிய பையன்களுக்கு இந்தப் பழக்கம் கிடையாது.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஆனி, ஆடிக் காற்றில் உயரமாக வைக்கோல் ஏற்றிப் போகிறவர்களுக்குத் தனிப் பாடு. அங்கே கட் அடிக்கிற வேலை இல்லை, ஆனால் காற்று தள்ளத் தள்ள வீலைச் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். டார்ஷன் பார் முறுகுகிற அந்த இடைவெளி ஒவ்வொரு திருத்தத்திலும் குறுக்கே வரும்.

காசுக் கணக்கிலும் இது லாபம் இல்லை. சில வண்டிகளில் பம்ப் எஞ்சின் கியரிலிருந்தே ஓடும், பெல்ட்டைக் கழற்றி நிறுத்த முடியாது. ஆயில் இல்லாமல் அது சுழன்றால் உள்ளே உரசி, இரும்புத் தூள் பாக்ஸ் வரை போய்விடும். சீலோடு போகவேண்டிய செலவு பம்ப், பாக்ஸ் ரெண்டையும் கேட்கும். எஃப்சி (தகுதிச் சான்று) வேறு இருக்கிறது. எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் காட்ட வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதி 98-ன்படி ஸ்டியரிங் வீலில் பிளே 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. டை ராட், டிராக் லிங்க் என்று ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பிகள் எல்லாம் தேய்ந்த பழைய வண்டியில் அந்த எல்லை ரொம்பப் பக்கத்தில்தான் இருக்கும்.

சரிசெய்வது

"பவர் போச்சு" என்று வருகிற வண்டிகளில் பவரே போகாதவையும் உண்டு. முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, டயர் தரையைத் தொடாமல் வைத்து வீலைத் திருப்புங்கள். அப்போதும் இறுக்கமாக இருந்தால் முதலில் முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னைப் பாருங்கள். கிரீஸ் காணாமல் இறுகிக் கிடக்கும். குளச்சல், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம் என்று மீன் ஏற்றும் வண்டிகளில் ஐஸ் கரைந்த உப்புத்தண்ணீர் சொட்டிச் சொட்டி இரும்புக் குழாய், ஜாயின்ட் எல்லாம் அரித்துப்போயிருக்கும். முன் டயரில் காற்று குறைந்திருந்தாலும் வீல் கனக்கும். அதைப் பார்க்காமலே பாக்ஸைப் பிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

தூக்கி வைத்தால் லேசு, இறக்கினால் கனம் என்றால்தான் பவர் பக்கம் போக வேண்டும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கனத்தால் பெரும்பாலும் ஆயில், பெல்ட், பம்ப் இதில் ஒன்று. வலப்பக்கம் லேசு, இடப்பக்கம் கனம் என்றால் பாக்ஸுக்குள் சீலோ வால்வோ. ஐடிலில் கனத்து, ஆக்சிலேட்டர் மிதித்ததும் லேசானால் பம்ப் தேய்ந்திருக்கிறது. முனகல் சத்தமும் ஆயிலில் நுரையும் இருந்தால் எங்கேயோ காற்று இழுக்கிறது.

செலவும் இதே வரிசையில் ஏறும். ஹோஸும் ஆயிலும் சில்லறைச் செலவு. சீல் கிட் அடுத்தது. பம்ப் அதற்கு மேல். பாக்ஸ் மொத்தமாக மாற்றுவதுதான் பெரிய அடி. ஆகவே முதல் சொட்டு ஒழுகும்போதே வண்டியை நிறுத்துகிறவர் பிழைத்தார்.

வேலை செய்கிற இடத்தில் ரெண்டு விஷயம் கூடவே நின்று பார்க்க வேண்டும். பம்ப் உடைந்திருந்தால் ஆயில் டேங்க், ஃபில்டர், குழாய் எல்லாம் கழுவாமல் புதுப் பம்ப் மாட்டக் கூடாது. பழைய இரும்புத் தூள் புதுசையும் தின்றுவிடும். அப்புறம், ஆயில் ஊற்றிய கையோடு வண்டியை விட்டுவிடுவார்கள். முன்பக்கத்தைத் தூக்கி, வீலை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிக்கு நிதானமாகத் திருப்பித் திருப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும். டேங்கில் குமிழ் நிற்கும்வரை விடக் கூடாது.

மேனுவல் பாக்ஸ் மாட்டுவது

கேட்க நன்றாக இருக்கும்: பம்ப் இல்லை, குழாய் இல்லை, ஒழுகல் இல்லை. 1986-ல் வந்த டாடா 407 மாதிரி, கம்பெனியே மேனுவலாகவும் பவராகவும் விட்ட வண்டி என்றால் யோசிக்கலாம். அதே மாடலின் பாக்ஸ், பாக்ஸிலிருந்து இறங்கும் கையான டிராப் ஆர்ம், டிராக் லிங்க், ஸ்டியரிங் காலம் (வீலைத் தாங்கும் தண்டு), பெரிய வீல் எல்லாம் ஒரே செட்டாகக் கிடைக்க வேண்டும். பாக்ஸை மட்டும் வாங்கி, பழைய டிராப் ஆர்மை வெட்டி ஒட்டி ஒப்பேற்றினால் குழியில் இறங்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும். ஸ்டியரிங் பாகத்தில் வெல்டிங் வைக்கிற வொர்க்ஷாப்பிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவது நல்லது. கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ல் கட்டுப்பாடு இருப்பதால், ஆர்டிஓ ஆபீசில் கேட்டுவிட்டு ஸ்பேனரை எடுப்பதே முறை.

ஆனால் நம்மூரில் பெரிய சிக்கல் டிரைவர்தான். மேனுவல் லாரி என்றாலே "வேற ஆளப் பாருங்க அண்ணே" என்பார்கள். சொந்தமாக ஓட்டுகிற 407-காரருக்கு இது பிரச்சினை இல்லை. சம்பளத்துக்கு ஆள் வைத்து ஓட்டுகிறவருக்கு வண்டி ஷெட்டில் நிற்கும் நாள் கூடும்.

யாருக்கு எது

என் கணக்கு இது. செங்கல், ரப்பர் தடி, ஜல்லி என்று கனமான லோடோடு வளைவு ரோட்டில் ஓடும் ரெண்டு ஆக்சில் லாரிக்குச் சரிசெய்வது ஒன்றுதான் வழி. பாக்ஸே போயிருந்தாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். அந்தச் செலவை வண்டியின் விலை தாங்காது என்று தோன்றினால் வண்டியை விற்றுவிடலாம். வாழைத்தாரும் காய்கறியும் ஏற்றி ஊருக்குள் ஓடும் பழைய 407-க்கு, செட் முழுசாகக் கிடைத்தால், மேனுவல் மோசமில்லை. புதிதாகப் பழைய வண்டி வாங்கப் போகிறவருக்கு ஒழுகும் பவர் வண்டியும் ஒழுங்கான மேனுவல் வண்டியும் ஒரே விலையில் வந்தால், நான் மேனுவலைத்தான் எடுப்பேன்.

பவர் நன்றாக வேலை செய்கிற வண்டிக்காரருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பாலமோர் மலை இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் போட்டு எஞ்சினை அணைத்து இறக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும், அந்த வளைவுகளில் அது பவர் செத்த வண்டி. ஏர் பிரேக் கம்ப்ரஸரும் அதோடு நின்றுவிடும். ஏர் டேங்கில் இருக்கிற காற்றை வைத்துக்கொண்டுதான் கீழே வந்து சேர வேண்டும்.