துலூஸில் சொந்த வீடு: பிரெஞ்சு வீட்டு வரியோடு பழகிய அனுபவம்

2018 கோடையில் துலூஸை ஒட்டிய கொலொமியே என்ற ஊரில் வீடு வாங்கினோம். விமானத் தொழிலை நம்பி வாழும் வட்டாரம் என்பதால் ஆபீஸில் ஆங்கிலமே போதும். எங்கள் பிரெஞ்சு கடைகண்ணிக்குப் போய்வரும் அளவுதான். இத்தனை வருஷம் வரி கட்டிய பிறகு எனக்குப் பட்டது இது: பணம் கட்டுவது சுலபம், மொழியையும் சமாளித்துவிடலாம். உங்கள் வீட்டைப் பற்றி வரி இலாகா ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் விடாமல் கவனிக்க வேண்டும்.

வீட்டு உரிமையாளர் கட்டும் வரிக்குப் பெயர் தாக்ஸ் ஃபொன்சியேர். ஜனவரி 1 அன்று பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ, அந்த ஆண்டு முழுவதற்குமான நோட்டீஸ் அவருக்குத்தான் வரும். நடுவில் விற்றாலும் இதில் மாற்றமில்லை. அதனால் பத்திரப் பதிவின்போதே, மீதி மாதங்களுக்கான பங்கை நோத்தேர் (பத்திரம் எழுதிப் பதியும் சட்ட அதிகாரி) கணக்கிட்டு எங்களிடம் வாங்கி, விற்றவருக்குக் கொடுத்துவிட்டார். இது இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு, வரி இலாகாவுக்கு இதில் பங்கில்லை. வாங்கப் போகிறவர்கள் இந்தத் தொகையையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டீஸ் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ வரும். கெடு அக்டோபர் 15, ஆன்லைனில் கட்டினால் ஐந்து நாள் கூடுதலாகக் கிடைக்கும். 300 யூரோவைத் தாண்டினால் செக் அனுப்ப முடியாது, ஆன்லைனிலோ வங்கிப் பிடித்தத்திலோதான் கட்ட வேண்டும். கெடு தப்பினால் 10 சதவீதம் அபராதம். நாங்கள் மாதத் தவணைக்கு மாறிவிட்டோம். ஜனவரி முதல் அக்டோபர் வரை 15ஆம் தேதிகளில், போன வருஷ வரியில் பத்தில் ஒரு பங்கு தானாகவே போய்விடும். வரி கூடியிருந்தால் மிச்சத்தை வருஷக் கடைசியில் எடுத்துக்கொள்வார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் குடும்பங்களுக்கு இதைவிட நிம்மதியான வழி கிடையாது.

இனி ஏட்டு விஷயம். வீட்டுக்கு எவ்வளவு வாடகை வரும் என்று ஒரு மதிப்பு போட்டு, அதில் பாதிக்கு ஊராட்சி விகிதத்தில் வரி விதிக்கிறார்கள். அந்த வாடகை மதிப்பின் வேர் 1970இல் இருக்கிறது. வீடுகளை 1 முதல் 8 வரை தரம் பிரித்து, குளியல்தொட்டிக்கு 5 சதுர மீட்டர், ஷவருக்கு 4, வாஷ்பேசினுக்கு 3, கழிப்பறைக்கு 3 என்று வசதிகளையும் பரப்பளவாக மாற்றி வீட்டின் அளவோடு கூட்டுவார்கள். தண்ணீர், மின்சாரம், சென்ட்ரல் ஹீட்டிங் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. இந்த விவரத்தாளின் எண் 6675-எம். கேட்டால் தருவார்கள், கட்டணம் கிடையாது. நான் வாங்கிப் பார்த்தபோது, முந்தைய சொந்தக்காரர் எப்போதோ எடுத்துவிட்ட இரண்டாவது குளியல்தொட்டி அதில் இன்னும் இருந்தது. எழுதிப் போட்டேன், திருத்திக் கொடுத்தார்கள். குறைந்த தொகை சிறியதுதான். ஆனால் அது வருஷா வருஷம் குறைகிறது. நீங்கள் எதையாவது சேர்த்துக் கட்டினால் 90 நாளுக்குள் தெரிவிப்பதும் கடமை. நீச்சல்குளத்தை மறைக்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: வான்படங்களைக் கணினியால் அலசி, சோதனை நடந்த ஒன்பது மாவட்டங்களிலேயே 20,000க்கு மேற்பட்ட குளங்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

வரி ஏறுவதற்கு ஊராட்சியைத் திட்டும் முன் நோட்டீஸின் அடிப்படை மதிப்பை, அதாவது மேலே சொன்ன வாடகை மதிப்பில் பாதியை, பாருங்கள். பணவீக்கத்தை ஒட்டி அது தானாகவே கூடும்: 2023இல் 7.1 சதவீதம், 2024இல் 3.9, 2025இல் 1.7. 2021இல் மாவட்டத்தின் பங்கு ஊராட்சிக்குப் போனதால் ஊராட்சி விகிதம் திடீரென்று பெரிதாகத் தெரிந்தது. பல பேர் பதறினார்கள். மாவட்டத்துக்கான பத்தி காணாமல் போயிருப்பதைப் பார்த்த பிறகுதான் கணக்குப் புரிந்தது. குப்பை வரியும் இதே தாளில்தான் வருகிறது. வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் அதைக் குடியிருப்பவரிடம் கேட்டு வாங்கலாம். எங்கள் பக்கத்தில் போர்தோ–துலூஸ் அதிவேக ரயில் பாதைக்கென்று ஒரு சிறு தொகையும் 2023 முதல் சேர்கிறது.

குடியிருப்பவர் கட்டும் தாக்ஸ் தாபிதாசியோன், நிரந்தரமாக வசிக்கும் வீட்டுக்கு 2023 முதல் யாருக்குமே இல்லை. விடுமுறை வீட்டுக்கு மட்டும் தொடர்கிறது. ஜேர்ஸ் மாவட்டத்தில் ஒரு பண்ணை வீடு வைத்திருக்கும் ஆங்கிலேய நண்பருக்கு நவம்பரில் தனி நோட்டீஸ் வருகிறது. வீட்டுத் தட்டுப்பாடுள்ள ஊர்களில் ஊராட்சி தன் பங்கின் மேல் 5 முதல் 60 சதவீதம் வரை கூடுதலாகவும் போடலாம். எது வசிக்கும் வீடு, எது விடுமுறை வீடு என்று பிரிப்பதற்காகத்தான் 2023இல் எல்லா உரிமையாளர்களும் ஆன்லைனில் அறிவிக்க வேண்டியிருந்தது. இப்போது நிலைமை மாறினால் மட்டும் ஜூன் முடிவதற்குள் சொன்னால் போதும். சொல்லாவிட்டால் ஒரு வீட்டுக்கு 150 யூரோ அபராதம் விதிக்கலாம். குடித்தனக்காரர் மாறும்போதும் இது பொருந்தும், வாடகைக்கு விடுபவர்கள் இதைத்தான் அதிகம் மறக்கிறார்கள்.

வரி இணையதளத்தில் ஆங்கிலப் பக்கங்கள் இருக்கின்றன. ஆனால் உங்கள் சொந்தக் கணக்குக்குள் நுழைந்தால் எல்லாமே பிரெஞ்சு. பிரவுசர் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு தாராளமாக வேலை செய்யலாம். சந்தேகம் என்றால் போனை எடுக்காதீர்கள். கணக்குக்குள்ளேயே செய்தி அனுப்பும் வசதி இருக்கிறது. 13 இலக்க வரி எண், வீட்டு முகவரி, ஒரே ஒரு கேள்வி, இவ்வளவையும் எளிய பிரெஞ்சில் நான்கு வரியாக எழுதுங்கள். பதில் எழுத்தில் வரும், நிதானமாக மொழிபெயர்த்துப் படிக்கலாம், பின்னால் ஆதாரமாகவும் நிற்கும். நேரில்தான் போக வேண்டுமென்றால் வருமான வரி சீசனான மே மாதத்தைத் தவிர்த்துவிட்டு முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

நோட்டீஸில் தவறு என்று தோன்றினால், மறு ஆண்டு டிசம்பர் 31 வரை ஆட்சேபம் எழுப்பலாம். ஆனால் ஆட்சேபம் எழுப்பியதாலேயே கெடு தள்ளிப் போகாது. தொகையை நிறுத்திவைக்கும்படி அதே கடிதத்தில் வெளிப்படையாகக் கேட்க வேண்டும்.