கிரியேட்டினினா, சிறுநீர் அல்புமினா? உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கான இரு பரிசோதனைகள்

உயர் ரத்த அழுத்தம் சிறுநீரகத்தைப் பாதித்திருக்கிறதா என்று அறிய ரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்கலாம். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் பார்க்கலாம். முன்னதைப் பெரும்பாலோர் செய்துகொள்கிறார்கள். பின்னது பலருக்கு எழுதித் தரப்படுவதே இல்லை.

கிரியேட்டினின் தசைகளில் உருவாகும் கழிவு; தசையின் அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. அறிக்கையில் டெசிலிட்டருக்கு 1.2 மி.கி. என்று இருந்தால், வயதையும் பாலினத்தையும் சேர்த்து 2021-இல் திருத்தப்பட்ட சூத்திரத்தின்படி கணக்கிடும்போது, 30 வயது ஆணின் சிறுநீரகம் வடிகட்டும் திறன் நிமிடத்துக்குச் சுமார் 83 மி.லி. என்றும், 70 வயதுப் பெண்ணின் திறன் சுமார் 49 மி.லி. என்றும் வருகிறது. இது 60-க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று கொள்வர். ஆனால் வடிதிறனில் ஏறக்குறைய பாதி போகும்வரைகூட கிரியேட்டினின் இயல்பு வரம்புக்குள்ளேயே இருந்துவிடக்கூடும்.

அல்புமின் பல நேரங்களில் அதற்கு முன்பே காட்டிக்கொடுத்துவிடும். அழுத்தம் தாளாமல் வடிகட்டிகள் பழுதுபடும்போது புரதம் கசியத் தொடங்குகிறது. சிறுநீரில் உள்ள ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மி.கி. அல்லது அதற்கு மேல் அல்புமின் இருந்தால் அது அசாதாரணம். காகிதப் பட்டையை நனைத்துப் பார்க்கும் சோதனைக்கு இவ்வளவு சிறிய கசிவு பெரும்பாலும் பிடிபடாது என்பதால், இந்த அல்புமின்-கிரியேட்டினின் விகிதத்தையே கேட்டுப் பெற வேண்டும். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி ஆகியவை இதைத் தற்காலிகமாக உயர்த்தும் என்பதால் மறுபடியும் பார்த்தே உறுதி செய்வர்.

என் வாக்கு, விடுபட்டுப்போகும் அல்புமினுக்கே. அதற்காகக் கிரியேட்டினினைக் கைவிட முடியாது. நுண்ணிய ரத்தக்குழாய்கள் தடித்துச் சுருங்குவதால் வரும் பாதிப்பில், அல்புமின் அதிகம் கசியாமலேயே வடிதிறன் குறைந்துகொண்டு போவதுண்டு.

இரண்டும் எதிரெதிராகப் பேசும் கட்டமும் உண்டு. ராமிப்ரில், லோசார்டன் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளைத் தொடங்கிய சில வாரங்களில், வடிகட்டிகளுக்குள் அழுத்தம் தணிவதால் அல்புமின் குறையும், கிரியேட்டினினோ சற்று ஏறும். இந்த ஏற்றம் 30 சதவீதத்துக்குள் இருக்கும்வரை மருத்துவர்கள் பொதுவாக மருந்தைத் தொடரவே சொல்கிறார்கள்; அதைத் தாண்டினாலோ, கூடவே பார்க்கும் பொட்டாசியம் வரம்பு மீறினாலோதான் காரணம் தேடி, அளவைக் குறைப்பதா நிறுத்துவதா என்று முடிவெடுப்பார்கள்.