எலியின் கண்சூழ் சுரப்பிகள்: ஒரு வழுக்கிப் பெட்டியின் மதிப்புரை

திருகோணமலை நகரில் பாடசாலைகளுக்கு ஆய்வுகூடப் பொருட்கள் விற்கும் கடையொன்றில், எலியின் கண்ணைச் சூழ்ந்த சுரப்பிகளையும் அவற்றின் நரம்புகளையும் காட்டும் 8 வழுக்கிகளும் (நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்கும் கண்ணாடித் தகடுகள்) ஒரு சுவர்ப்படமும் அடங்கிய பெட்டியைக் கடந்த மாதம் வாங்கினேன். உயர்தர உயிரியல் பாடத்திட்டம் இவ்வளவு தூரம் செல்வதில்லை. ஆயினும், நம் விருப்பமின்றித் தாமே உறுப்புகளை இயக்கும் பரிவு நரம்பும் பரபரிவு நரம்பும் ஒரே உறுப்பை வந்தடைவதை மாணவர் நுணுக்குக்காட்டியில் காணவேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

பெட்டியில் மிகச் சிறந்தவை ஹார்டர் சுரப்பியின் இரண்டு வழுக்கிகள். சுவிற்சர்லாந்து உடற்கூற்றியலாளர் ஹார்டர் 1694இல் மானில் கண்டு விவரித்த இச்சுரப்பி வளர்ந்த மனிதரில் இல்லை. எலியிலோ கண்விழியின் பின்புறத்தை அணைத்தபடி பெரிதாகக் கிடக்கிறது. ஒற்றைக் கலப்படையாலான குழாய்களும் அவற்றின் உள்ளிடத்தில் போபிரின் என்னும் நிறப்பொருளின் கபிலநிறத் திரள்களும் துலக்கமாகத் தெரிகின்றன. நோயுற்ற எலியின் கண்ணோரத்தில் இரத்தம் போல உலர்ந்திருப்பது இந்தப் போபிரினே. பரபரிவு நரம்புமுனை வெளிவிடும் அசற்றைல்கோலினைப் போலச் செயற்படும் மருந்தைக் கொடுத்தாலும் அது வடியும் என்பதால், சுரப்பைத் தூண்டுவதில் பரபரிவு நரம்பின் பங்கை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன்.

அசற்றைல்கோலினைச் சிதைக்கும் அசற்றைல்கோலினெசுத்தரேசு நொதியத்துக்குச் சாயமேற்றிய வழுக்கியில், கண்ணீர்ச் சுரப்பியின் சிற்றறைகளைச் சுற்றி மெல்லிய கபிலநிற நார்கள் வலைபோலப் படர்ந்திருக்கின்றன. பெட்டியின் விலை இந்த ஒன்றுக்கே தகும். ஆனால் உறையில் அவை அனைத்தும் பரபரிவு நார்கள் என்று அச்சிட்டிருப்பது சரியன்று. பரிவு நார்கள் சிலவற்றிலும் புலன் நார்கள் சிலவற்றிலும் அந்நொதியம் உண்டு. பரிவு நரம்பைக் காட்டும் வழுக்கி எதுவும் இல்லை. அதைக் குறையாகச் சொல்லமாட்டேன், ஏனெனில் பரிவு நரம்புமுனை வெளிவிடும் நோஅதிரினலினை ஒளிரச் செய்து காணும் முறைக்கு உறையவைத்து உலர்த்திய இழையமும் தனிவகை நுணுக்குக்காட்டியும் வேண்டும்.

சுவர்ப்படமே ஏமாற்றம் தந்தது. முகநரம்பிலிருந்து பிரியும் நார்கள் தெரிகோபலட்டைன் திரட்டில் (திரட்டு என்பது நரம்புக்கலங்களின் தொகுதி) இணைப்புற்றுச் சுரப்பிகளை அடைவதும், கழுத்தின் மேல்திரட்டிலிருந்து பரிவு நார்கள் வருவதும் செவ்வனே வரையப்பட்டுள்ளன. ஆனால் எலியின் முதன்மையான கண்ணீர்ச் சுரப்பியைக் கண்குழிக்குள் வரைந்துவிட்டார்கள். அது உண்மையில் காதின் கீழ்ப்பக்கத்தில், தோலுக்கு அடியில், கன்னவுமிழ்நீர்ச் சுரப்பியை ஒட்டி இருக்கிறது. நீண்ட கான் ஒன்றே அதன் நீரைக் கண்ணுக்குக் கொண்டுவருகிறது. இப்படத்தை நம்பி எலியை வெட்டிப் பார்க்கும் மாணவர், அச்சுரப்பியை உமிழ்நீர்ச் சுரப்பியென்று கருதி அகற்றிவிடக்கூடும். நான் அவ்விடத்தில் சரியான வரைபடத்தை ஒட்டியே வகுப்பில் தொங்கவிட்டிருக்கிறேன்.

மூடுகண்ணாடிகளின் விளிம்புகள் சரிவர அடைக்கப்படவில்லை. நம்மூர்க் கடற்காற்றின் ஈரத்தில் அவை நெடுநாள் தாங்கா. வாங்குவோர் முதல் நாளே நிறமற்ற நகப்பூச்சால் விளிம்பை அடைத்து, ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொதியோடு மூடிவைப்பது நல்லது.