தண்ணீரில் குமிழ் வந்ததைப் பார்த்து ஆக்சிஜன் மெஷின் வாங்காதீர்கள்

போன வாரம் என்னோடு வேலை பார்க்கும் அக்கா ஒருவர் போனில் ஒரு படத்தைக் காட்டினார். அவருடைய அப்பாவுக்கு நுரையீரல் பழுதாகி, வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பழைய சாமான் வாங்கி விற்கும் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்த படம் அது. வெள்ளை நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி, முன்னால் நீல நிற டிஸ்ப்ளே. '7 லிட்டர் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், கொரோனா நேரத்தில் வாங்கியது, பத்து நாள்தான் ஓடியது, 9,000 ரூபாய்' என்று எழுதியிருந்தது. கான்சென்ட்ரேட்டர் என்றால் சுற்றியிருக்கும் காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின். 7 லிட்டர் என்பது நிமிஷத்துக்கு அது கொடுப்பதாகச் சொல்லும் அளவு.

அதே பெட்டிதான். எங்கள் வீட்டுப் பரணில் இருப்பதும் அதுதான். படத்தைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. அதனால்தான் இவ்வளவு நாள் கழித்து இதை எழுதுகிறேன்.

2021 மே மாதம். நாங்கள் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். முழு ஊரடங்கு, கடைகள் எல்லாம் காலையிலேயே அடைத்துவிடும். தெருவில் நாளுக்கு நான்கு தடவையாவது ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும். கேட்கும்போதெல்லாம் யார் வீட்டுக்கு என்று ஜன்னலைத் திறந்து பார்ப்போம். முதலில் எனக்குக் காய்ச்சல் வந்தது, அப்புறம் அம்மாவுக்கு. எனக்கு ஐந்து நாளில் சரியாகிவிட்டது. அம்மாவுக்கு 63 வயது, பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. ஏழாவது நாள், விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் ஆக்ஸிமீட்டரில் 93 காட்டியது. விரல் சில்லென்று இருந்தால் தப்பாகக் காட்டும் என்று சொன்னார்கள் என்பதற்காகக் கையைத் தேய்த்துச் சூடாக்கி, வேறு விரலில் வைத்துப் பார்த்தோம். மறுபடியும் 93தான்.

94க்குக் கீழே போனால் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள் என்று போனில் பேசிய டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நாங்கள் போகவில்லை. எதிர்வீட்டு மாமாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் நான்காவது நாள் உடலைக்கூடச் சரியாகப் பார்க்க விடாமல் எரித்துவிட்டு வந்திருந்தார்கள். அதைப் பார்த்த அம்மா, "செத்தாலும் இந்த வீட்லயே சாவுறேன், என்னைத் தனியா அனுப்பாதடி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். குப்புறப் படுக்க வைத்தோம். அப்போது மட்டும் 95 வரை ஏறும். எழுந்து பாத்ரூம் போய்வந்தால் 91.

சென்னையில் மாட்டிக்கொண்டிருந்த என் அண்ணன்தான் மெஷின் வாங்கலாம் என்றான். வாங்காதவர்கள் யார் அந்த மாதம்? எந்தக் குழுவைத் திறந்தாலும் ஆக்சிஜன், பெட், ரெம்டெசிவிர் என்று நம்பர்கள். பாதி நம்பர் எடுக்காது, மீதியில் பணத்தை முதலில் போடு என்பார்கள். புதுச்சேரியில் சர்ஜிக்கல் சாமான் விற்பவர் என்று ஒருவருடைய நம்பர் வந்தது. பேர் எழுதப் போவதில்லை. அவர் கொடுத்த பேர் உண்மையா என்பதே எனக்குத் தெரியாது.

அந்த ஆள் பணத்தை அவசரப்படுத்திக் கேட்கவில்லை. அதனாலேயே நம்பினோம். வீடியோ காலில் வந்தார். மெஷினை ஆன் செய்து, மூக்கில் வைக்கும் குழாயின் முனையை ஒரு டம்ளர் தண்ணீருக்குள் விட்டார். தண்ணீர் கொதிக்கிற மாதிரி பொங்கியது. "பாருங்கக்கா, எவ்ளோ ஆக்சிஜன் வருதுன்னு. அஞ்சு லிட்டர் மெஷினே இப்ப எழுபதாயிரம் சொல்றாங்க. இது ஏழு லிட்டர், உங்களுக்கு அம்பத்திரண்டுக்குத் தரேன். அம்மாவைக் காப்பாத்துங்க முதல்ல" என்றார். டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு குமிழ் வந்தால் அம்மா பிழைத்துவிடுவார் என்று தோன்றியது.

அண்ணன் 30,000 அனுப்பினான். மீதி 22,000 பெண்ணின் பள்ளிக்கூடத்துக்கு எடுத்து வைத்திருந்தது. ஊரடங்கில் வெளியே போக ஆன்லைனில் போட வேண்டிய இ-பதிவைப் போட்டுக்கொண்டு என் கணவர் பைக்கில் கிளம்பினார். ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் போலீஸ் நிறுத்தி, டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு விட்டார்கள். முள்ளோடையில் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பையன் ஸ்கூட்டியில் காத்திருந்தான். பணம் போனில் போனது, அட்டைப்பெட்டி கைமாறியது. பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு. அதில் ஜிஎஸ்டி எண் இல்லை, மாடல் எண் இல்லை, ஒரு விலாசமும் 'மெடிக்கல் எக்யூப்மென்ட் 1' என்பதும் மட்டும். அந்தப் பெட்டியைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்துவிட்டார் என் கணவர். ஆறு கிலோ இருக்கும். இவ்வளவு லேசாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டோம்.

இரவு எட்டு மணிக்கு அம்மாவுக்கு மாட்டினோம். 7இல் வைத்தோம். மூக்கில் காற்று பலமாக அடித்தது. "நல்லா இருக்குடி, சில்லுனு இருக்கு" என்றார் அம்மா. ஆக்ஸிமீட்டர் 92. சரி, ஏறும் என்று காத்திருந்தோம். காலையில் 90. அந்த ஆளுக்குப் போன் போட்டேன். "உடம்பு ஏத்துக்க ஒரு நாள் ஆகும்கா" என்றார். அப்படி ஒரு கணக்கே கிடையாது என்று இப்போது தெரியும். ஆக்சிஜன் சரியாகப் போனால் சில நிமிஷத்திலேயே எண் நகரத் தொடங்கும். நகரவில்லை என்றால் ஏதோ தப்பு. அது தெரியாமல் ஒரு முழு நாளும் அடுத்த இரவும் அந்தப் பெட்டியை நம்பி உட்கார்ந்திருந்தோம். நடுவில் கரண்ட் போய் இருபது நிமிஷம் மெஷின் நின்றிருந்தது. அப்போதும் எண் மாறவே இல்லை. ஓடினாலும் நின்றாலும் ஒன்றுதான் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு உறைக்கவில்லை. பெற்ற தாயை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் புத்தி வேலை செய்வதில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலை 84. பேச்சு குழறியது. 108க்கு அடித்தோம். வந்த தம்பி எங்கள் மெஷினைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அம்மா மூக்கில் இருந்த அதே குழாயைக் கழற்றி, தன் சிலிண்டரில் மாட்டினார். வீட்டு வாசலைத் தாண்டி வண்டியில் ஏற்றுவதற்குள் 91 ஆகிவிட்டது. அப்புறம் என்னைப் பார்த்து, "இது வெறும் காத்துதான் ஊதுதும்மா. எத்தனை நாளா இதுல வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்கும் தூக்கத்தில் கேட்கும்.

அம்மா பதினோரு நாள் அரசு மருத்துவமனையில் இருந்தார். பிழைத்துவிட்டார். அங்கே வார்டில் இரவெல்லாம் கவச உடைக்குள் நின்ற நர்ஸ்களுக்கு என் ஆயுள் முழுக்க நன்றி சொல்வேன். ஆனால் அம்மாவால் இப்போது மாடிப்படி ஏற முடியாது, பத்து படியில் மூச்சு வாங்கும். அந்த இரண்டு இரவும் வீணாகாமல் இருந்திருந்தால் நுரையீரல் இவ்வளவு கெட்டிருக்காதோ என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாதும்மா என்றார். இல்லை என்றும் அவர் சொல்லவில்லை.

ஆகஸ்டில், மருத்துவக் கருவிகள் பழுது பார்க்கும் ஒருவரிடம் மெஷினைக் கொண்டுபோனேன். ஆக்சிஜன் அனலைசர் என்ற கையளவு கருவியைக் குழாயில் மாட்டினார். மெஷினை 1இல் வைத்தால் 88 சதவீதம். 2இல் வைத்ததும் மளமளவென்று இறங்கியது. 7இல் 31. நாம் சும்மா சுவாசிக்கும் காற்றிலேயே 21 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது. அதன்மேல் பத்து சதவீதத்துக்குத்தான் 52,000 ரூபாய் கொடுத்திருந்தோம். முன்பக்கம் பெரிதாக '93%' என்று ஒட்டியிருந்தது பொய்கூட இல்லையாம். அட்டைப்பெட்டியின் அடியில் கிடந்த சின்னப் புத்தகத்தை அவர்தான் பிரித்துக் காட்டினார். எறும்பு எழுத்தில் ஒரு கட்டம்: 1 லிட்டரில் 93, ஒவ்வொரு லிட்டருக்கும் குறைந்துகொண்டே போய் 7 லிட்டரில் 30. விற்றவனுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

அவர் சொல்லிக்கொடுத்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். மெஷினுக்குள் ஜியோலைட் என்ற மணிகள் இருக்கும். காற்றை அழுத்தி அதன் வழியாக அனுப்பினால் நைட்ரஜனை அது பிடித்துக்கொள்ளும், ஆக்சிஜன் வெளியே வரும். நிமிஷத்துக்கு 5 லிட்டர் நல்ல ஆக்சிஜன் வேண்டுமென்றால் 20 லிட்டருக்கு மேல் காற்றை உள்ளே இழுத்தாக வேண்டும். அதற்குப் பெரிய கம்ப்ரசர் வேண்டும், நிறைய ஜியோலைட் வேண்டும். அதனால்தான் வீட்டில் வைக்கும் உண்மையான 5 லிட்டர் மெஷின் பெரும்பாலும் 14 கிலோவுக்கு மேல் இருக்கும், 300 வாட்ஸ் அளவுக்குக் கரண்ட் இழுக்கும், சத்தமும் போடும். ஒரு கையில் தூக்குகிற பெட்டி 7 லிட்டர் என்று சொன்னால், அது 7 லிட்டர் காற்று. டம்ளரில் குமிழ் வருவதற்குக் காற்று போதும். மீன் தொட்டி மோட்டாரை வைத்தாலும் குமிழ் வரும்.

எந்த அளவில் வைத்தாலும், மெஷினின் முழு அளவு வரைக்கும், 90 சதவீதத்துக்கு மேல் வருகிறதா என்று அனலைசர் வைத்துக் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். வீடியோவில் வேண்டாம், நேரில். நல்ல மெஷின்களில் தூய்மை குறைந்தால் விளக்கு எரிந்து எச்சரிக்கும், அது இருக்கிறதா என்றும் கேளுங்கள். பழைய மெஷின் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஜியோலைட்டுக்கு ஈரம் ஆகாது. நம் கடற்கரை ஊர்களில் வருஷக்கணக்காக ஓடாமல் பரணில் கிடந்த மெஷின், நல்ல கம்பெனியுடையதாகவே இருந்தாலும், கெட்டுப் போயிருக்கலாம். எத்தனை லிட்டரில் வைப்பது என்பதை டாக்டர் சொல்லட்டும், நாங்கள் செய்ததுபோல நீங்களாக வைக்காதீர்கள்.

பணம் திரும்பி வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. முதலில் "மெடிக்கல் ஐட்டம் ரிட்டர்ன் கிடையாது" என்றார். பிறகு, "உங்கம்மாவுக்கு லங்ஸ் போயிடுச்சு, மெஷின் என்னக்கா பண்ணும்?" என்றார். பணம் போனதைவிட இந்த வார்த்தைதான் எனக்கு ஆறவில்லை. அப்புறம் நம்பரை பிளாக் செய்துவிட்டார். ஊரடங்கு தளர்ந்ததும் சீட்டில் இருந்த அரியாங்குப்பம் விலாசத்துக்குப் போனோம். அப்படி ஒரு கடையே அங்கே இல்லை. புகார் கொடுக்கப் போனால், வாங்கிய இடம் புதுச்சேரி, அங்கே கொடுங்கள் என்றார்கள். அங்கே போனால், பணம் அனுப்பியது கடலூரிலிருந்துதானே என்றார்கள். அம்மாவையும் பார்த்துக்கொண்டு எங்களால் அலைய முடியவில்லை, விட்டுவிட்டோம்.

விட்டிருக்கக் கூடாது என்று பிறகுதான் தெரிந்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஒரு வக்கீல் இதை எனக்குச் சொன்னபோது இரண்டு வருஷம் தாண்டியிருந்தது. ஆகவே ஏமாந்தவர்கள் சீட்டு, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். நான் கோபத்தில் எல்லாவற்றையும் அழித்திருந்தேன். எப்படிப் புகார் கொடுப்பது என்று 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கேட்டால் சொல்வார்கள். போனில் பணம் அனுப்பி ஏமாந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள், எவ்வளவு சீக்கிரம் பேசுகிறீர்களோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

பரணில் இருப்பதை ஏன் விற்கவில்லை என்று உறவினர்கள் கேட்கிறார்கள். 'கொரோனா மெஷின், பத்தாயிரமாவது வருமே' என்கிறார்கள். விற்றால் அது இன்னொரு அம்மாவின் மூக்கில் போய் மாட்டும். அந்தக் குழுவில் 9,000 ரூபாய்க்குப் போட்டவரிடமும் நானே பேசினேன். அவரும் ஏமாந்தவர்தான், ஆனால் ஏமாந்தது அவருக்கே தெரியாது. அவர் வீட்டில் கொரோனா இலேசான காய்ச்சலோடு போய்விட்டதால், மெஷின்தான் காப்பாற்றியது என்று நம்பிக்கொண்டிருந்தார். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதிவை எடுத்துவிட்டார்.

அந்த அக்கா நேற்று வாடகைக்கு ஒரு மெஷின் எடுத்துவிட்டார். டாக்டர் எழுதிக்கொடுத்த அளவு 2 லிட்டர். கொண்டுவந்த ஆளிடம் அனலைசர் இருக்கிறதா என்று முதலில் கேட்டிருக்கிறார். இரண்டு பேர் சேர்ந்து மாடிக்குத் தூக்கி வந்தார்களாம். 2இல் 95, முழு அளவான 5இல் 93 காட்டியது என்று படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார்.