குமுளி வழியாக கேரளாவுக்கு சொந்தக் காரில்: பாதைக்கும் செக்போஸ்ட்டுக்கும் என் மார்க்

மதுரையிலிருந்து தேக்கடி, வாகமண் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது "செக்போஸ்ட்ல என்னண்ணே கேப்பாங்க?" என்றுதான். வெள்ளை போர்டு வண்டி, உள்ளே குடும்பம், டிக்கியில் துணிப்பை என்றால் பெரும்பாலும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். 2017-இல் ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரிச் சாவடிகளை எடுத்துவிட்டார்கள், அதனால் மலைப்பாதையில் பில் காட்டுவதற்காக லாரிகள் வரிசை கட்டி நின்ற காலம் போய்விட்டது. இப்போது நிற்பது போலீஸ், கலால், வனத்துறை. நம் பக்கம் ரேஷன் அரிசியைத் தேடுகிறார்கள், அந்தப் பக்கம் கஞ்சாவை. கண்ணாடியை இறக்கி எங்கே போகிறோம் என்று சொன்னால் கைகாட்டி அனுப்பிவிடுவார்கள், கேட்பதும் தமிழிலேயேதான். டிக்கியைத் திறக்கச் சொன்னால் திறந்துவிடுங்கள், அங்கே சட்டம் பேசி ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை. கேரளாவில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் மட்டும், திரும்பி வரும்போது டயருக்கு மருந்தடிக்க நிறுத்துவார்கள்.

வாடகை வண்டி என்றால் கதையே வேறு. மஞ்சள் போர்டோ, நாமே ஓட்டும் கருப்பு போர்டோ, கேரளாவுக்குள் போக பெர்மிட்டும் வரியும் சரியாக இருக்க வேண்டும். நான் ஒருமுறை மதுரையில் ஒரு இடத்தில் எடுத்த காரில் "எல்லாம் இருக்கு சார்" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்கள். மேலே போனால் ஒன்றும் இல்லை. அவர்களுக்குப் போன் போட்டு, ஆன்லைனில் பணம் கட்டவைத்து, ரசீது வாட்ஸப்பில் வரும்வரை பிள்ளைகளோடு ரோட்டோரமாக நின்றோம். அந்த வாடகைக்காரருக்கு ஐந்துக்கு ஒரு மார்க், அதுவும் ஏசி நன்றாக இருந்ததற்கு. பெர்மிட்டைக் கண்ணால் பார்க்காமல் சாவி வாங்காதீர்கள்.

பாதையைப் பற்றிச் சொன்னால், உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய், தேனி, கம்பம் என்று லோயர் கேம்ப் வரை அலுப்பே தெரியாது. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் மணிமண்டபம் அங்கேதான் இருக்கிறது, வண்டியைக் கொஞ்சம் ஆறவிட நல்ல இடம். அதற்கு மேல் குமுளிக்கு ஆறு கிலோமீட்டர்தான், ஆனால் எதிரே பஸ்ஸோ லாரியோ வளைவில் திரும்பினால் நாம் நின்றுதான் ஆகவேண்டும். ஏறி முடித்ததும் கடைத்தெருவுக்கு நடுவிலேயே எல்லை வந்துவிடும். இந்தப் பக்கம் நம் பஸ்கள், நாலு எட்டு நடந்தால் கேரள பஸ்கள். தாண்டியதும் லாட்டரிக் கடைகள் வரிசையாகக் கூப்பிடும். தமிழ்நாட்டில் 2003-லேயே தடை செய்தாயிற்று, வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வராதீர்கள்.

பெட்ரோலைக் கம்பத்திலேயே நிரப்பிவிடுங்கள். கேரளாவில் விலை கூடுதல், 2023 ஏப்ரலிலிருந்து லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் வேறு. அப்புறம் ரோட்டோரம் நின்று விதிமீறலைப் படம் பிடிக்கும் அந்த ஏஐ கேமரா. 2023 ஜூனிலிருந்து அபராதம் போடுகிறார்கள், முன்சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பெல்ட் போடவில்லை என்றாலும் போட்டோ எடுத்துவிடும். ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாம் டிஜிலாக்கரில் இருந்தால் போதும், ஆனால் மலையில் சிக்னல் போய்ப்போய் வரும் என்பதால் நான் ஒரு ஜெராக்ஸும் வைத்துக்கொள்வேன்.

மூணாறுதான் போகிறீர்கள் என்றால் குமுளி வேண்டாம், போடிமெட்டு ஏறுங்கள். 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே மூணாறு வரைக்கும் அகலப்படுத்திய ரோட்டை 2024 தொடக்கத்தில் திறந்தார்கள், ஓட்டுவதற்கு அவ்வளவு சுகம். மழைக்காலத்தில் மட்டும் அந்தப் பாதையில் மூணாறுக்கு முன்னால் வரும் கேப் ரோடு பக்கம் மண் சரிந்ததா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் பறக்கும், அவர்களோடு போட்டி போடாமல் ஒதுங்கி வழிவிடுவது நல்லது.

குமுளி செக்போஸ்ட்டுக்கு என் மார்க் ஐந்துக்கு நாலு. கார்த்திகை, மார்கழியில் இரண்டுதான் கொடுப்பேன். ஐயப்ப பக்தர்கள் கூட்டம் கூடினால் போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றிவிட்டு, திரும்புகிறவர்களை மட்டும் குமுளி வழியாக இறக்குவார்கள், அந்த நாட்களில் மேப்பை நம்பாமல் கம்பத்தில் நிற்கும் போலீஸ்காரர் காட்டும் பக்கம் திரும்புங்கள்.