பெட்டியில் வந்தபடியே சுடுகிற பிஸ்டல்: ஸ்மித் அண்ட் வெஸன் எம் அண்ட் பி 2.0 காம்பாக்ட்

முதல் பிஸ்டலை நானேதான் கெடுத்தேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் இரண்டாவதைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இதில் ஏன் ஒரு ஸ்பிரிங்கைக்கூடத் தொடாமல் வைத்திருக்கிறேன் என்பது உங்களுக்குப் புரியாது.

டாலஸ் பக்கம் குடிவந்து சில வருடம் கழித்து பாலிமர் பிரேம், அதாவது பிளாஸ்டிக் உடல், போட்ட 9 எம்எம் பிஸ்டல் ஒன்று வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம், அதன் மேல் தப்பே இல்லை, நன்றாகத்தான் சுட்டது. ஆனால் இரண்டாம் மாதமே வீடியோ பார்த்துப் பார்த்து எனக்கு அரிப்பு எடுத்துவிட்டது. ட்ரிகர் கனமாக இருக்கிறதே என்று ஒரு ட்ரிகர் கிட், இருட்டில் தெரிய வேண்டுமே என்று பச்சையாக மின்னுகிற, குறிபார்க்கிற சைட், தோட்டா அடைக்கிற மேகசின் சட்டென்று கழன்று விழட்டும் என்று பெரிய பட்டன், இப்படி புல்லட் வண்டிக்கு சைலன்சர் மாற்றுகிற பையன் மாதிரி ஒவ்வொன்றாக வாங்கிப் பூட்டினேன். 300 டாலருக்கு மேல் போனது. ட்ரிகர் வெண்ணெய் மாதிரி ஆனது, அதையும் சொல்ல வேண்டும்.

ஒரு சனிக்கிழமை, சுட்டுப் பழகுகிற ரேஞ்சில் 7 யார்டு தூரத்தில் தாளைத் தொங்கவிட்டு ட்ரிகரை இழுக்கிறேன், கிளிக். அவ்வளவுதான். சத்தம் இல்லை. தாமதமாக வெடிக்கலாம் என்பதால் குழலைத் தாள் பக்கமே பிடித்தபடி 30 விநாடி நின்றேன், அந்த 30 விநாடி எவ்வளவு நீளம் என்பது நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்புறம் மேலே முன்னும் பின்னும் நகர்கிற ஸ்லைடை இழுத்துத் தோட்டாவை வெளியே எடுத்துப் பார்த்தால், பித்தளையின் அடியில் இருக்கிற, அடிபட்டதும் தோட்டாவைப் பற்றவைக்கிற பிரைமரின் நடுவே குண்டூசி நுனியால் தொட்ட மாதிரி ஒரு சின்னத் தழும்பு. ஒழுங்காக வெடித்த தோட்டாவில் அந்தப் பள்ளத்தில் ஒரு கடுகு உட்காரும். அன்றைக்கு 100 தோட்டாவில் நான்கு முறை இப்படி.

காரணம் ரொம்பச் சாதாரணம். இந்த வகைப் பிஸ்டலில் சுத்தியல் கிடையாது, உள்ளே ஸ்ட்ரைக்கர் என்று ஒரு ஊசி, அதைத் தள்ள ஒரு ஸ்பிரிங். நான் போட்ட மாதிரியான கிட்டுகளில் ட்ரிகர் லேசாவதற்கு ஒரு வழி அந்த ஸ்பிரிங்கையே இளக்கமானதாக மாற்றுவது. விரலுக்குச் சுகம், ஆனால் பிரைமரை அடிக்கிற அடியும் இளைத்துவிடுகிறது. தோட்டா கம்பெனியைப் பொறுத்துப் பிரைமர் கொஞ்சம் கடினமாக இருந்துவிட்டால் கிளிக்தான். தாளில் ஓட்டை போடுகிறவருக்கு இது வெறும் எரிச்சல். ராத்திரி 2 மணிக்குக் கதவு உடைகிற சத்தம் கேட்டால் எடுக்கலாம் என்று வைத்திருக்கிற சாமானில் இது நடந்தால்? எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அடுத்தது வாங்கும்போது ஒரே நிபந்தனை வைத்துக்கொண்டேன். எதையும் மாற்ற வேண்டும் என்ற எண்ணமே வராத பிஸ்டலாக இருக்க வேண்டும். “இதில் சைட் மட்டும் மாற்றினால் போதும்”, “ட்ரிகர் மட்டும் கொஞ்சம்” என்று யாராவது ஆரம்பித்தால் அதை அப்படியே ஒதுக்கிவிடுவது.

பாலிமர் என்றால் தரக்குறைவு என்று நினைப்பவர்களுக்கு இரண்டு வரி. பிளாஸ்டிக் உடல் போட்ட பிஸ்டலை ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் 1970லேயே விற்றது. ஆனால் உலகத்தை மாற்றியது, அதுவரை கத்தியும் திரைச்சீலைக் கம்பியும் செய்துகொண்டிருந்த ஆஸ்திரியாக்காரர் காஸ்டன் குளோக். அவருடைய குளோக் 17ஐ ஆஸ்திரிய ராணுவம் 1982ல் எடுத்துக்கொண்டது. பிளாஸ்டிக் துப்பாக்கி ஏர்போர்ட் எக்ஸ்ரேயில் தெரியாது என்று அமெரிக்காவில் ஒரு பீதியே கிளம்பியது. ஸ்லைடும் குழலும் இரும்புதான், எப்படித் தெரியாமல் போகும்? பிளாஸ்டிக் உடல் துருப்பிடிக்காது, எடை குறைவு, விலையும் குறைவு, இன்றைக்கு அமெரிக்காவில் பெரும்பாலான போலீஸ்காரர்கள் இடுப்பில் இருப்பது இந்த ரகம்தான்.

சரி, வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்த நாளுக்கு வருகிறேன். நிறைய ரேஞ்சுகளில் ஒரு தொகை கட்டினால் மாற்றி மாற்றி எடுத்துச் சுடலாம். நானும் மனைவியும் போனோம், வீட்டில் இருக்கப்போகிற சாமான் என்றால் அவளுக்கும் பிடிபட வேண்டும். ஊரில் எங்களுக்குத் துப்பாக்கி என்றால் தீபாவளி ரோல் கேப், அப்புறம் பேங்க் வாசலில் வாட்ச்மேன் மடியில் கிடக்கிற இரட்டைக் குழல், அவ்வளவுதான். 9 எம்எம் அங்கே பொதுஜனத்துக்குத் தடை செய்யப்பட்ட அளவு. அதனால் அவளுக்கு எதைப் பற்றியும் முன்கூட்டிய அபிப்பிராயம் கிடையாது, அது ரொம்ப உதவியாக இருந்தது.

நான்கு எடுத்தோம். குளோக் 19 ஐந்தாம் தலைமுறை, செக் நாட்டு சிஇசட் பி-10 சி, வால்தர் பிடிபி, எம் அண்ட் பி 2.0 காம்பாக்ட். நான்குமே கிட்டத்தட்ட ஒரே அளவு, மேகசினில் 15 தோட்டா பிடிக்கிற ரகம்.

சுடுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள், காசே ஆகாது. பிஸ்டல் காலியா என்று நீங்கள் ஒருமுறை, கடைக்காரர் ஒருமுறை பாருங்கள், விரலை ட்ரிகருக்கு வெளியே வையுங்கள், அவர் காட்டுகிற பாதுகாப்பான திசையில் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுங்கள், அப்புறம் கண்ணைத் திறங்கள். குளோக்கில் எனக்கு முன் சைட் வானத்தைப் பார்த்து நின்றது. அதன் பிடி மற்றவற்றைவிடச் சாய்வு கூடுதல், 1980களில் இருந்தே அப்படித்தான், பழகியவர்களுக்கு அதுதான் சொர்க்கம். எனக்கும் ஆறு மாதத்தில் பழகியிருக்கும். ஆனால் மாற்ற வேண்டும் என்ற எண்ணம் வரக்கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதே. அதோடு பின் சைட்டில் வெள்ளைக் கட்டம், முன் சைட்டில் வெள்ளைப் புள்ளி போட்ட அந்த பிளாஸ்டிக் சைட்டைப் பார்த்த உடனே என் கை பர்ஸுக்குப் போகப் பார்த்தது. நம்பகத்துக்குக் குளோக்கை மிஞ்ச முடியாது என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மேகசின் மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும்.

வால்தரின் ட்ரிகர் நான்கிலும் மேல், சந்தேகமே இல்லை. எங்கே உடையும், அதாவது எந்த இடத்தில் குண்டு கிளம்பும், என்று விரலுக்கு முன்கூட்டியே தெரிகிறது, அப்புறம் அடுத்த குண்டுக்குக் கொஞ்சூண்டு விட்டால் போதும், டக்கென்று பிடித்துக்கொள்கிறது. பெட்டியிலிருந்து எடுத்ததும் சுட, ட்ரிகர் மட்டுமே முக்கியம் என்றால் யோசிக்காமல் அதை வாங்குங்கள். ஸ்லைடு உயரமாக இருப்பதால் எனக்குத் துள்ளல் ஒரு பிடி கூடுதலாகத் தெரிந்தது, விலையும் கூடுதல். சிஇசட்டும் அருமை, ட்ரிகர் குச்சி ஒடிக்கிற மாதிரி சுத்தமாக உடைகிறது, ஸ்லைடை இழுக்கத்தான் மனைவி திணறினாள்.

எம் அண்ட் பியைக் கையில் எடுத்ததும் அவள் சொன்னது: “என்னங்க இது, தேங்காய்த் திருவி மாதிரி இருக்கு!” உண்மைதான். கிரிப்பின் சொரசொரப்பு அப்படி. வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள், வியர்வைக் கையில் வழுக்கக் கூடாது என்று. டெக்சாஸ் ஆகஸ்ட் மாதத்தில் அதன் அருமை தெரியும். ஆனால் சட்டைக்குள் வெறும் தோலை ஒட்டி இடுப்பில் செருகிக்கொண்டு நாள் முழுக்க அலைபவர்களுக்கு இது சரிப்படாது, அவர்கள் வேறு பாருங்கள்.

கண்ணை மூடித் திறந்தால் சைட் நேராக நின்றது. பெட்டியோடு நான்கு அளவில் கிரிப்பின் பின்பக்கத் துண்டுகள் வருகின்றன, சின்னது, நடுத்தரம், நடுத்தரத்துக்குக் கொஞ்சம் பெரியது, பெரியது. அடியில் இருக்கிற ஒரு பிடியைத் திருகி இழுத்தால் கழன்றுவிடும். சின்னதைப் போட்டதும் மனைவியின் விரல் நுனி ட்ரிகரில் சரியாக உட்கார்ந்தது, எனக்கும் அதுவே போதுமாக இருந்தது. இதை மாற்றம் என்று சேர்க்காதீர்கள், செருப்புக்கு அளவு பார்க்கிற மாதிரி.

2005ல் வந்த முதல் எம் அண்ட் பியின் ட்ரிகரைப் பற்றி ரேஞ்சில் பழைய ஆட்கள் முகம் சுளிப்பார்கள், மணலில் இழுப்பது போல இருக்கும் என்று. வாங்கின கையோடு கிட் போடுவது அப்போது பலருக்குச் சடங்கு. 2017ல் வந்த 2.0வில் அதைத் திருத்திவிட்டார்கள், இப்போது வருவதில் ட்ரிகரின் முகமும் தட்டை. வால்தர் அளவுக்கு இல்லை. ஆனால் குறை சொல்ல வாயெடுத்தால் என்ன சொல்வது என்று தெரியாத அளவுக்கு இருக்கிறது, எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. துடைப்பதற்குக் கழற்ற, குளோக்கில் ட்ரிகரை இழுத்தாக வேண்டும். உள்ளே தோட்டா இல்லை என்று நம்பி இழுத்துச் சுவரில் ஓட்டை போட்ட கதைகள் எத்தனையோ. எம் அண்ட் பியில் மேகசினை எடுத்து, ஸ்லைடைப் பின்னால் பூட்டி, உள்ளே எட்டிப் பார்த்தால் மஞ்சளாகச் சின்னதாக ஒரு நெம்பி தெரியும், அதைக் கீழே தள்ளிவிட்டால் ட்ரிகரைத் தொடாமலே ஸ்லைடு கழன்று வரும். தள்ளுவதற்கான கம்பி கிரிப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. முதல் தடவை தேடுவதற்கு எனக்குக் கால் மணி நேரம் ஆனது.

வாங்கி ஒன்றரை வருடம். 1,500 தோட்டாவுக்கு மேல் போயிருக்கும், பெரும்பாலும் 115 கிரெய்ன் எடைக் குண்டு போட்ட மலிவான தோட்டா, வீட்டுக்கு வைத்திருக்கிற, நுனியில் குழி விட்ட ஹாலோ பாயிண்ட்டில் இரண்டு பெட்டி. ஒரு கிளிக் இல்லை, ஒரு சிக்கல் இல்லை. எண்ணெய் இரண்டு சொட்டு, துணியால் துடைப்பது, அவ்வளவே. கூடுதல் மேகசின் மட்டும் குளோக்கைவிட விலை, வாங்கும்போது கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஆட்கள் கேட்கிற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம், லைசென்ஸ் பெற்ற கடையில் கைத்துப்பாக்கிக்கு வயது 21 ஆகியிருக்க வேண்டும், 4473 என்ற படிவத்தை நிரப்பினால் கடைக்காரர் பின்புலச் சோதனைக்கு அனுப்புவார். எச்-1பியில் இருப்பவர்களுக்குப் பொதுவாகக் கிடையாது. வேட்டை லைசென்ஸ் வைத்திருந்தால் விதிவிலக்கு உண்டு என்பது உண்மை, ஆனால் விசாவை வைத்துக்கொண்டு அந்த விளையாட்டுக்குப் போகுமுன் வக்கீலைக் கேளுங்கள். டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து லைசென்ஸ் இல்லாமலே இடுப்பில் வைக்கலாம் என்ற சட்டம் இந்த எதையும் மாற்றவில்லை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பிஸ்டலோடு சேர்த்துப் பெட்டகத்துக்கும் காசு எடுத்து வையுங்கள்; 17 வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளை கைக்குத் தோட்டா நிரப்பிய துப்பாக்கி எட்டும்படி அஜாக்கிரதையாக வைப்பது இங்கே குற்றம்.

பழைய பிஸ்டலை என்ன செய்தேன் என்றால், ஒரிஜினல் ஸ்பிரிங்கைத் தேடி எடுத்து எல்லாவற்றையும் பழையபடி பூட்டி விற்றுவிட்டேன். 300 டாலர் சாமான்களை யாரும் சீந்தவில்லை, கராஜில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடக்கின்றன. எம் அண்ட் பியில் பயன்படாமல் மிஞ்சிய மூன்று கிரிப் துண்டுகளும் இப்போது அதே பாட்டிலில்தான்.