60 கிகாஹெர்ட்ஸ் இணைப்புக்கு எந்த லென்ஸ்: அதிபரவளையமா, ஃபிரெனலா, லூன்பெர்க்கா?

கம்பியில்லா இணைப்பின் ஆண்டெனாவில் ரேடியோ அலையைக் கற்றையாகக் குவிக்கும் லென்ஸ்கள் இவை. 60 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 5 மி.மீ.தான். 100 மி.மீ. விட்டமுள்ள லென்ஸ், செயல்திறனைப் பாதி என்று வைத்தாலும், 33 டெசிபல் கெயின் (ஒரே திசையில் குவிப்பதால் கிடைக்கும் வலு) தரும். கற்றை அகலம் சுமார் 3.5 டிகிரி. மூன்றுக்கும் இதே விட்டம் என்றே கணக்கிடுவோம்.

ஒரே திசையில் நிற்கும் இணைப்புக்கு அதிபரவளைய லென்ஸை (ஒரு பக்கம் அதிபரவளைய வளைவு, மறுபக்கம் தட்டை) விட்டு வேறெங்கும் போக வேண்டாம். ரெக்சோலைட் பிளாஸ்டிக்கில் (ஒளிவிலகல் எண் 1.59) கடைந்து, குவியத் தூரம் 100 மி.மீ. வைத்தால் நடுத் தடிமன் 17 மி.மீ. சொச்சம். வளைந்த பக்கம், குவியத்தில் நின்று லென்ஸுக்கு அலையை அனுப்பும் கூம்புக் குழாயான ஃபீட் ஹார்னைப் பார்த்திருக்க வேண்டும். தொல்லை தருவது வெளிப்புறத் தட்டைப் பக்கம்: அங்கே பட்டுத் திரும்பும் 5 சதவீத ஆற்றல் நேராக ஹார்னுக்குள்ளேயே வந்து குவியும். அந்த முகத்தில் 1 மி.மீ. ஆழக் காடிகளை நெருக்கமாக வெட்டினால் அந்தத் திரும்பலைத் தடுக்கும் கால் அலைநீளப் பொருத்தப் படலம் கிடைத்துவிடும். பொருளில் மிச்சம் பிடிக்காதீர்கள். இழப்பு டேன்ஜென்ட் (பொருள் அலையை எவ்வளவு உறிஞ்சும் என்பதன் அளவு) 0.001 என்றால் நடுவில் போவது 0.15 டெசிபல், முப்பரிமாண அச்சுக்கான மலிவுப் பிளாஸ்டிக்கில் அது 0.008 ஆனால் 1.2 டெசிபல். கடைசலில் 0.2 மி.மீ. பிசகினால் லென்ஸில் கட்டப் பிழை (அலை முந்துவதோ பிந்துவதோ) 8.5 டிகிரிதான், அலையைத் திருப்பிக் குவிக்கும் டிஷ்ஷில் அதே பிசகு 29 டிகிரி ஆகும்.

ஃபிரெனல் தட்டு (ஒருமைய வளையங்களாகப் பிரித்த தட்டை லென்ஸ்) மெலிசு, எடையும் குறைவு. ஆனால் ஒன்றுவிட்டு ஒன்று மறைத்த வளையங்களில் செயல்திறன் 10 சதவீதம், மறைப்பதற்குப் பதில் அரை அலைநீளப் படி (ரெக்சோலைட்டில் 4.2 மி.மீ.) வைத்தால் 40, கால் அலைநீளப் படிகளில் 81. அதைவிடப் பெரிய குறை, குவியம் அதிர்வெண்ணோடு நகர்வது. 60 கிகாஹெர்ட்ஸுக்கு வடிவமைத்த 100 மி.மீ. குவியம் 57-இல் 95-க்கும் 66-இல் 110-க்கும் போய்விடும். ஒற்றைக் குறுகிய சேனலுக்கு மட்டும் சரி.

பல திசைக் கற்றைகள் வேண்டுமென்றால் லூன்பெர்க் கோளம். அதிபரவளையத்திலும் ஹார்னை 6 மி.மீ. நகர்த்தினால் கற்றை 3.4 டிகிரி திரும்பும். ஆனால் மேலும் நகர நகரப் பக்க மடல்கள் (வேண்டாத திசைகளில் போகும் கற்றைகள்) வீங்கும். லூன்பெர்க்கில் மின்காப்பு மாறிலி (ஒளிவிலகல் எண்ணின் வர்க்கம்) மையத்தில் 2, விளிம்பில் 1 என இறங்குவதால் எந்தத் திசையும் ஒன்றுதான்; ஃபீட்கள் கோளப் பரப்பிலேயே உட்காரும். அடுக்கு ஓடுகளாகச் செய்தால் இடையில் காற்று இடைவெளி விழாமல் பார்க்க வேண்டும். இன்னொரு சிக்கல் இடம்: 3.5 டிகிரிக்கு ஒரு ஃபீட் என்றால் கோளப் பரப்பில் 3 மி.மீ.தான் கிடைக்கும். 3.76 × 1.88 மி.மீ. உள்ளளவு கொண்ட அலைவழிகாட்டிகள் (ஃபீடுக்கு அலையைக் கொண்டுவரும் செவ்வக உலோகக் குழாய்கள்) அகலவாக்கில் அடங்காது. குறுகிய பக்கவாக்கில் அடுக்கினால், 1 மி.மீ. சுவரோடு சேர்த்தே நுழைந்துவிடும்.